பத்தாவது கையெழுத்து

லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு குழந்தைசாமி மலையேறி வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. தை மாதக் கடைசியில் எந்தச் சர்வகலாசாலையில் லீவு விடுகிறார்கள் என்று கேட்கக் கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் ஆள் இல்லை. அவன் அப்பா அர்த்தனாரிக்கும் அது தெரியாது. மலையிலிருந்து பி.ஏ. படிக்கப் போன ஒரே பையன் தன் பையன் என்பது மட்டும் தெரியும். அந்தப் பெருமையில் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

விடுதிச் சமையற்கட்டின் பின்சுவரை அவன் ஏறிக் குதித்ததையும், ரயிலுக்குப் போகப் பயந்து குறுக்கு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். எதற்காக ஓடி வந்தான் என்பதை மட்டும் அவன் ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.

இன்றைக்குச் செம்மேட்டில் சந்தை. அக்கா அத்தாயி சாமைக் கூடையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போனாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டாள். கூடையில் சாமை அப்படியே இருந்தது.

அத்தாயியைக் கட்டிக்கொடுத்தது கூப்பிடு தூரத்தில்தான். அம்மா கண்ணாயி இறந்த பிறகு இரண்டு வீட்டு அடுப்பையும் அவளே பார்த்துக்கொண்டாள். தம்பி முகத்தைப் பார்த்தே பசியா, காய்ச்சலா என்று சொல்லிவிடுவாள். இந்தப் பதினோரு நாளாக அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

குழந்தைசாமி களத்தில் மிளகுக் கதிரை மிதித்துக்கொண்டிருந்தான். அவள் கூடையை இறக்கிவிட்டு நேரே அவன் எதிரில் வந்து நின்றாள்.

"சந்தைச் சாவடியில ரெண்டு போலீசு வந்து தங்கியிருக்குது. சேந்தமங்கலத்துல இருந்து ஏறி வந்தாங்களாமா. இங்கிலீசு படிச்ச பையன் இங்க எவனாச்சும் இருக்கானான்னு கடைகடையாக் கேக்குறாங்க."

அவன் கால் நின்றுவிட்டது.

"இன்னும் யாரும் சொல்லல. எத்தன நேரத்துக்குச் சொல்லாம இருப்பாங்க? நீ சொல்லு சாமி. அங்க என்ன பண்ணிப்போட்டு வந்த?"

"ஒரு சங்கம் ஆரம்பிச்சேன்க்கா."

"சங்கம்னா?"

அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சர்வகலாசாலையில் சேர்ந்த முதல் மாதம் அவன் கண்ணில் பட்டதெல்லாம் சங்கங்கள்தான். விவாத சங்கம், சரித்திர சங்கம், நாடக சபை. தஞ்சாவூர்ப் பையன்களுக்கு ஒன்று, திருநெல்வேலிப் பையன்களுக்கு ஒன்று. சாயங்காலமானால் வராந்தாவில் வரிசையாகக் கதவுகள் திறந்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும். வெளியில் நடந்து போகிறவனுக்கு எங்கேயாவது நுழைந்து உட்கார்ந்துவிட மாட்டோமா என்றிருக்கும்.

அவன் விவாத சங்கத்தில் சேர்ந்தான். முதல் கூட்டத்தில் எழுந்து, "ஏனுங்க தலைவருங்களே" என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் அவனைப் பேச விடாமல் கூடம் முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரம் அவன் எழுந்ததுமே பின்வரிசையிலிருந்து ஒருவன் "ஏனுங்க" என்று இழுத்தான். மூன்றாவது வாரம் அவன் போகவில்லை.

வேறு இரண்டு சங்கங்களில் மனுப் போட்டான். பதில் வரவில்லை.

கடைசியில்தான் தானே ஒன்று தொடங்கினான். கொல்லிமலை மாணவர் சங்கம். மலையிலிருந்து வந்திருந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால், 'மலையின் நலம் நாடும் எவரும் சேரலாம்' என்று விதியில் எழுதிக்கொண்டான். நோக்கம் ஒன்றே ஒன்று. மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுக்கச் செம்மேட்டில் ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று சர்க்காருக்கு எழுதுவது.

"அம்மாவ நெனச்சுத்தான்க்கா ஆரம்பிச்சேன்."

கண்ணாயி ஆறு வருஷத்துக்கு முன் நாலே நாள் குளிர்காய்ச்சலில் போனவள். அத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கா போலீசு வரும்?"

"அதுக்கு வரல."

ஒரு சங்கம் பதிவாக வேண்டுமென்றால் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும் என்பது அங்கே சட்டம். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களையும் குளிக்கப் போனவர்களையும் கெஞ்சி ஒன்பது வாங்கிவிட்டான். பத்தாவதாக அவன் எண்ணி வைத்திருந்தது ஜாபர் உசேனை.

ஜாபர், சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி சேக் மைதீன் ராவுத்தரின் மகன். எட்டு வயதில் குழந்தைசாமியை மலையிலிருந்து கீழே கூட்டிப் போய், தன் வீட்டில் தங்க வைத்து, ஜாபரோடு பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் அந்த ராவுத்தர்தான். பத்து வருஷம் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தார்கள். ஜாபரின் அம்மா சலீமா இரண்டு தட்டிலும் ஒரே அளவு சோறு போடுவாள். சர்வகலாசாலை விடுதியிலும் அவர்களுக்கு ஒரே அறை.

"எனக்குச் சங்கமெல்லாம் வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டான் ஜாபர். "படிப்ப முடிச்சிட்டு வந்து நிக்கிறேன்னு அத்தாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கு எதாச்சும் ஒன்னு ஆனா அவரு தாங்க மாட்டாரு. என் பேரப் போடாத."

பதிவுக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடிவிடுவார்கள். ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது குழந்தைசாமி ஆபீஸ் வராந்தாவில் நின்று, பத்தாவது வரியில் ஜாபர் உசேன் என்று தானே எழுதினான். அவன் கையெழுத்தை எழுதுவது இவனுக்குக் கஷ்டமில்லை. சின்ன வயதில் அவன் தூங்கிவிட்ட நாட்களில் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்த கைதான்.

சங்கம் பதிவானது. ஜாபரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். சொல்லவில்லை. மூன்று மாதம் சங்கத்துக்கு நாலு பேருக்கு மேல் யாரும் வரவில்லை. சர்க்காருக்கு இரண்டு மனு போயிற்று.

அப்புறம் ஆகஸ்டு வந்தது. தேசமே கொந்தளித்தது. பெரிய மாணவர் சங்கத்தைத் தடை செய்து கதவைப் பூட்டினார்கள். மறுபடி வகுப்புகள் திறந்தபோது, கொல்லிமலை மாணவர் சங்கத்தில் சேர அறை கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். நாற்பது பேர். எம்.ஏ. படிக்கும் அப்பாசாமி என்பவர் அவன் தோளில் கை போட்டு, "உன் மலை எங்கள் மலை" என்றார். விவாத சங்கத்தில் சிரித்தவர்களில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். குழந்தைசாமிக்குத் தரையில் கால் பாவவில்லை. கூட்டம் போட அனுமதியுள்ள ஓர் அறைக்காக வந்திருக்கிறார்கள் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ஏட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால், "அப்புறம் ஆகட்டும்" என்றார்கள். அதுவும் உறைக்கவில்லை.

ஜனவரி இருபத்தாறாம் தேதி அந்த அறையில் அப்பாசாமி கொடியைப் பிரித்து, சுதந்திர சபதத்தைப் படித்தார். பாதி படிப்பதற்குள் வாசலில் போலீஸ் லாரி வந்து நின்றது. நாற்பது பேரும் நாலா பக்கமும் சிதறினார்கள்.

"நீயும் ஓடிட்ட" என்றாள் அத்தாயி.

"ஓடிட்டேன். எங்க ரூம் வழியாத்தான் ஓடினேன். சங்கத்து ஏடு மேசை டிராயர்லதான் இருந்துச்சு. கைய நீட்டினா எடுத்திருக்கலாம். ஜாபர் உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தான். என்னடான்னு கேட்டான். ஒன்னுமில்லேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்."

"அந்த ஏட்டுல..."

"முதல் பக்கத்துல பத்துப் பேரு. நாற்பது பேருல ஒருத்தன் பேரும் இல்ல. ஜாபர் பேரு இருக்குது."

அத்தாயி களத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அர்த்தனாரி எப்போது பின்னால் வந்து நின்றார் என்று இருவருக்கும் தெரியாது. அவர் கையிலிருந்த சாக்கு கீழே விழுந்து கிடந்தது. எவ்வளவு கேட்டார் என்று அவர் முகம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் சரிவுக்குக் கீழே இருமல் சத்தம் கேட்டது. மலையேறி வந்த களைப்பில் நின்று நின்று இருமுகிற சத்தம். அந்த இருமலை மூன்று பேரும் அறிவார்கள். மிளகு வாங்க வருஷம் தவறாமல் வருகிறவர். ஆனால் மிளகு காய இன்னும் பத்து நாள் இருந்தது.

"உள்ள போ" என்றார் அர்த்தனாரி.

குழந்தைசாமி அசையவில்லை.

"போடா உள்ள."

அவன் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றான்.

சேக் மைதீன் ராவுத்தர் வந்து களத்து ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அத்தாயி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் பத்து வயது ஏறியிருந்தது அவருக்கு.

"பையன் வந்தானா அர்த்தனாரி?"

"இல்லீங்க ராவுத்தரே. படிக்கிற எடத்துலதான இருப்பான்."

அப்பா பொய் சொல்லிக் குழந்தைசாமி கேட்டதில்லை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"எம்மவன ஜெயில்ல போட்டுட்டாங்கப்பா" என்றார் ராவுத்தர். "நான் போயிப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். என்னமோ சங்கத்துல பேரு இருக்குதாம். இன்ஸ்பெக்டரு அந்த ஏட்டக் கொண்டாந்து என் முன்னாடியே அவங்கிட்டக் காட்டினாரு. இது உன் கையெழுத்துதானான்னு கேட்டாரு. இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கூட்டியாந்திருப்பேன். ஆமா என்னோடதுதான்னு சொல்லிட்டான்."

கதவுக்குப் பின்னால் குழந்தைசாமி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அவனுக்கு இழுப்பு இருக்குது. உனக்குத்தான் தெரியுமே. கொஞ்சம் குளிர் பட்டாலும் மூச்சு வாங்கும்." அவர் நிறுத்தினார். "உம்மவன் வந்தான்னா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு."

வெளியே நாலு எட்டு வைத்தால் போதும். நாலே எட்டு. எழுதினது நான்தான் மாமா என்று சொல்ல வேண்டும். குழந்தைசாமி கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றான். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. சும்மா சாத்தியிருந்த கதவுதான்.

ராவுத்தர் எழுந்து போகும் சத்தம் கேட்டது. இருமல் சரிவில் இறங்கிப் போயிற்று.

அர்த்தனாரி உள்ளே வந்தார். மகனைப் பார்க்கவில்லை. பானையருகே போய் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, அதைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"முப்பது வருசமா அந்த மனுசனுக்கு ஒரு படி மெளகு கொறச்சு அளந்ததில்ல" என்றார். "இன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."



குழந்தைசாமி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தான். பாதை வழியாகப் போகாமல் சாமைக் காட்டுக்குள் குறுக்கே விழுந்து ஓடினான். முள் கிழித்தது தெரியவில்லை. இறக்கம் தொடங்குகிற பாறை வளைவில் ராவுத்தர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"மாமா."

அவர் திரும்பினார். ஆச்சரியப்படவில்லை.

"மாமா, அந்தக் கையெழுத்து..."

"தெரியும் கண்ணு."

அவன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான்.

"நீங்க ரெண்டு பேரும் என் கடையில உக்காந்து எழுதிப் பழகினவங்க. எது எவன் கைன்னு எனக்குத் தெரியாதா? ஏட்டப் பார்த்த ஒடனே தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் மாமா இன்ஸ்பெக்டருகிட்டச் சொல்லல?"

"எம்மவன் ஆமான்னு சொல்லிட்டானே. அவன நானே பொய்யன்னு சொல்லவா?" ராவுத்தர் பாறையில் கை ஊன்றிக்கொண்டார். "ஏன்டா அப்படிச் சொன்னேன்னு அவங்கிட்டக் கேட்டேன். 'அவன் சங்கத்துல நானும் இருக்கணும்னுதான அத்தா அவன் எழுதினான்'னு சொன்னான்."

குழந்தைசாமி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வரவில்லை.

"நான் வாரேன் மாமா. இப்பவே உங்க கூட இறங்கி வாரேன். கோர்ட்டுல சொல்றேன். நான்தான் எழுதினேன், அவனுக்கு ஒன்னுமே தெரியாதுன்னு சொல்றேன்."

"கேசு முந்தாநாளே முடிஞ்சுபோச்சு. பதினெட்டு மாசம். வடக்க எங்கியோ கொண்டு போறாங்க. பேரு சொன்னாங்க, என் வாயில நுழையல."

"அப்பீல் பண்ணலாம். நான் வந்து சொன்னா..."

"வக்கீலக் கேட்டேன். இப்ப நீ போயிச் சொன்னா உன்னயும் உள்ள போடுவாங்க. அவன விடமாட்டாங்க. சர்க்காருகிட்டப் பொய் சொன்னான்னு இன்னும் மூணு மாசம் சேத்துப் போட்டாலும் போடுவாங்களாம்."

கீழே சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சேந்தமங்கலம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதபடி புழுதி மூடியிருந்தது.

"அப்படின்னா எதுக்கு மாமா இத்தன தூரம் ஏறி வந்தீங்க?"

ராவுத்தர் கன்னத்தை ஒட்டியிருந்த தாடியைத் தடவிக்கொண்டார்.

"நீ ஊட்டுக்குள்ளதான் இருந்தே. வாசல்ல உன் செருப்பு கெடந்துச்சு. இந்த மலையில வேற எவன் செருப்பு போடுறான்? நீயா வெளிய வருவியான்னு பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"இப்ப வந்துட்டேனே மாமா."

"இப்ப வந்துட்ட." அவர் அவன் தலையில் கை வைக்கப் போனவர், பாதியில் கையை எடுத்துக்கொண்டார். "சேந்தமங்கலம் பக்கம் கொஞ்ச நாளைக்கு வராத கண்ணு. எழுதினது நீதான்னு சலீமாவுக்கு இன்னும் தெரியாது. உனக்கு ஒன்னும் ஆயிரக்கூடாதுன்னு உனக்கும் சேத்து ஓதிக்கிட்டிருக்கா. நீ முன்னால வந்து நின்னா நான் சொல்லாம இருக்க முடியாது."

அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். ஒவ்வொரு படிக்கல்லிலும் ஒரு கையைப் பாறையில் ஊன்றி ஊன்றி இறங்கினார். எப்போதும் மூட்டை தூக்குகிற ஆளோடு பேசிச் சிரித்துக்கொண்டு இறங்குகிறவர். இன்றைக்கு அவரோடு யாரும் இல்லை.

குழந்தைசாமி எவ்வளவு நேரம் அங்கே கிடந்தான் என்று அவனுக்கே தெரியாது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அடித்திருந்தால் காலைப் பிடித்திருப்பான். செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெயிலுக்குப் போனாலும் பயனில்லை, போகாவிட்டாலும் பயனில்லை. பத்தொன்பது வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு சாயங்காலம் வாய்க்கும் என்று அவன் நினைத்ததே கிடையாது.

வெயில் சாயும் நேரத்தில் அத்தாயி தேடிக்கொண்டு வந்தாள். தோளில் ஒரு துணி மூட்டை. கேழ்வரகுக் களியும் அவனுடைய வேட்டி ஒன்றும் அதில் இருந்தன.

"அரியூர் நாட்டுல என் நாத்தனா ஊடு இருக்குது. காட்டுக்குள்ள தனி ஊடு. ஒரு மாசம் இருந்தாலும் எவனுக்கும் தெரியாது. எந்திரி."

"அப்பா சொன்னாரா?"

அவள் தயங்கினாள்.

"அப்பா இல்ல. நீ ஓடின கொஞ்ச நேரத்துல குளிச்சு, வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டு செம்மேட்டுக்குப் போயிட்டாரு. எதுக்குப் போறீங்கன்னு கேட்டேன். பதில் பேசல. சந்தை கலைஞ்சிருக்கும் இந்நேரம். எதுக்குப் போனாருன்னு எனக்கு ஒன்னும் புரியல சாமி. நீ எந்திரி."

அவன் எழுந்தான். மூட்டையை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் மேட்டில் ஏறினார்கள். மேட்டு முனையில் பாதை பிரிகிறது. இடப்பக்கம் அரியூர் நாட்டுக் காடு. வலப்பக்கம் செம்மேட்டிலிருந்து வருகிற பாதை, எதிர்க்குன்றின் முதுகில் வெறும் புல்வெளியாக நீண்டு கிடக்கும். அதில் ஓர் ஆடு நடந்தாலும் இங்கிருந்து தெரியும்.

அத்தாயிதான் முதலில் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எதிர்க்குன்றில் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வந்த இருவர் தலையில் சிவப்புத் தொப்பி இருந்தது. மலை நடை பழகாதவர்கள். அங்கங்கே நின்று நின்று வந்தார்கள்.

முன்னால் வெளுத்த வேட்டியில் வந்தவர் அர்த்தனாரி. அவரை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அந்த இருவரும் பின்தங்கும்போதெல்லாம் அவரே நின்று, திரும்பிப் பார்த்து, அவர்கள் வந்து சேர்ந்த பிறகு மறுபடி நடந்தார்.

"ஓடு சாமி" என்றாள் அத்தாயி. "இன்னும் நேரம் இருக்குது. ஓடு."

குழந்தைசாமி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.